எங்கள் காம்பராவுக்குத் தரை போட்ட மழைக்காலம்

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் நம் காம்பரா அறையின் தரை வியர்க்கும். கூரைத் தகரம் ஒழுகாத நாளிலும் பாய் நனையும். காலையில் பாயைச் சுருட்டினால் அடியில் ஆள் படுத்த அளவுக்குக் கறுப்பாக ஈரம் தெரியும், அப்பாவுக்கு நீளமாக, எனக்குக் குட்டையாக. சாணமும் புகையும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாசனை உங்களுக்கும் மறந்திருக்காது. இன்றைக்கும் அதை எங்காவது முகர்ந்தால் எனக்கு உடனே பசிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

நான் சொல்ல வந்தது எங்கள் தரையை மாற்றிய மழைக்காலத்தைப் பற்றி. எனக்கு அப்போது ஆறு வயதோ ஏழு வயதோ. இலங்கையில் எங்கள் ஆட்களுக்கு இனி ஓட்டு இல்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்ட புதிது. அது மட்டும் நிச்சயம், ஏனென்றால் பெரியவர்கள் வேறெதையும் பேசவில்லை.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருந்தது. அங்கே மழை பெய்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மழை விட்டால்தான் சொல்வார்கள். எங்கள் லயத்தின் பின்சுவர் மலையோடு ஒட்டியிருக்கும். மலையில் இறங்கும் தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து அடுப்பு மூலைக்குப் பக்கத்தில் ஓர் எலிப்பொந்து வழியாகக் கசியும். ஒரே அறை. சாக்குத் திரைக்கு இந்தப்பக்கம் அப்பா, அம்மா, நான், தவழத் தொடங்கியிருந்த தம்பி. அந்தப்பக்கம் சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள். கொழுந்து எடுத்துவிட்டு வருகிற அம்மாவின் கூடை சொட்டும், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு சொட்டும், போர்த்திய கம்பளி சொட்டும். விறகுக்குக் கொண்டுவந்த தேயிலை மிலாறும் சொட்டும். எல்லாம் அந்தத் தரைக்குத்தான் வந்து சேரும். வெள்ளிக்கிழமை அம்மா மெழுகினால் ஞாயிறு அதில் கால்தடமெல்லாம் பதிந்து சேறாகியிருக்கும். மறுபடியும் மெழுகுவாள்.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். நடப்பாள், ஓரிரண்டு சொல் பேசுவாள். என் ரொட்டியில் பாதியை எப்போதும் பிடுங்கிக்கொள்வாள். சளி பிடித்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் பூனை கத்துவது போலக் கேட்டது. ஒருநாள் காலையில் அடுத்த காம்பரா அத்தை வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஆட்கள் கூடி நின்றதை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அப்பா வெள்ளைத் துணியில் எதையோ சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். சித்தப்பாவும் இன்னும் சிலரும் தோளில் மம்பட்டியோடு பின்னால் போனார்கள். திரும்பி வரும்போது அப்பாவின் கை வெறுமனே இருந்தது. மம்பட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது.

"தங்கச்சி எங்க?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிட்டா," என்றாள் அத்தை.

அம்மாவிடம் கேட்டேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, ஊருக்குத்தான்," என்றாள்.

ஊர் என்றால் இந்தியா என்று உங்களுக்குத் தெரியும். அம்மா துறையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணம் கட்டி வந்தவள் என்பதும் பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: தங்கச்சி ஊருக்குப் போனாள், அதற்கு மம்பட்டி தேவைப்பட்டது. ஆகவே ஊர் மண்ணுக்குக் கீழே இருந்தது. இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த மழை வந்து பொந்தில் தண்ணீர் கசிந்தபோது, அந்தத் தண்ணீர் ஊரிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். தரையில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே களுக்களுக்கென்று சத்தம் வரும். தங்கச்சிக்குப் பசிக்கும் என்று தோன்றியது. தினமும் ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளிப் பொந்துக்குள் போட்டேன். சித்தி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, இவளப் பாருங்க. எலிக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா!"

அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் ஏதும் சொல்லவில்லை. தங்கச்சி பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் போட்டேன்.

அந்த மழையில் தம்பிக்கு இருமல் கண்டது. அதே பூனைச் சத்தம். அப்பா அவனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். டொக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். தம்பியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு எங்கள் பாதங்களைப் பார்த்தார்.

"பிள்ளை எங்கை படுக்கிறது?"

"கீழதாங்க. பாயில."

"உந்த நிலத்து ஈரம்தான் நெஞ்சிலை ஏறுது. மருந்து தாறன். ஆனால் நிலத்தை மாத்தாமல் மருந்து குடுத்து வேலையில்லை. போன முறையும் உங்கடை பிள்ளைக்கு இதுதானே?"

அப்பா தலையாட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் தம்பியின் கம்பளியை இழுத்து இழுத்து மூடியபடி நடந்தார். தங்கச்சி ஊருக்குப் போனதற்கும் தரைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்துக்கொண்டே வந்தேன். தரை வழியாகத்தானே போனாள், அதைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். டொக்டரையாவுக்கும் தெரிந்திருக்கிறது என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

அன்று மாலை காம்பராவில் பெரிய பேச்சு. என்ன தரை போடுவது? ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா, களிமண்ணும் சாணமும் அடுப்புச் சாம்பலும் சேர்த்து இன்னும் தடிப்பாக மெழுகலாம் என்றாள். சித்தப்பா அப்போது ரோட்டு வேலையில் இருந்தார். தார்தான் ஒரே வழி என்றார்.

"ரோட்டுல எவ்வளவு மழ பேயுது? ஒரு சொட்டு உள்ள போகுதா?"

ஸ்டோரில் வேலை செய்த அப்பா, தேயிலை அரைக்கிற அந்தப் பெரிய கட்டிடத்தில் இருப்பது போல சிமெண்டுதான் வேண்டும் என்றார். சித்தி துரை பங்களாவில் பிள்ளை பார்க்கிறவள். அவள் சிரித்தாள்.

"பங்களாவுல தரைக்கு மேல ஒரு விரிப்பு போட்டிருக்காங்க மச்சான். ரப்பர் மாதிரி. தண்ணி ஊத்துனா அப்படியே நிக்கும். தொடச்சா போயிடும். பழசக் கழட்டி புதுசு போடப் போறாங்களாம். நான் கேட்டுப் பாக்குறேன்."

ஒவ்வொருவர் பேசும்போதும் எனக்கு அவர் சொல்வதே சரி என்று பட்டது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் இவர் சரியென்று பட்டது. இன்றுவரை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

முதலில் வந்தது சித்தியின் விரிப்பு. அதற்கு லினோலியம் என்று பெயர் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் பங்களா விரிப்பு என்றோம். சுருட்டித் தலையில் வைத்து அவளும் சித்தப்பாவும் மழையில் கொண்டுவந்தார்கள். விரித்ததும் நாங்கள் சுற்றிக் குந்திக்கொண்டோம். பச்சையும் சிவப்புமாகப் பூக்கள். ஓர் ஓரத்தில் மேசைக்கால் அழுத்திய நான்கு குழிகள். வழவழவென்று இருந்தது. ஆளிவிதை எண்ணெய் போல ஒரு மணம். லயத்துச் சனமெல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. அம்மாகூட அதை ஒரு தரம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். தம்பி அதில் வழுக்கிக்கொண்டே தவழ்ந்தான். எனக்கு மட்டும் ஒரு கவலை. விரிப்பு என் பொந்தை மூடிவிட்டது.

ஆகவே அடுப்பு மூலையில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, ரொட்டியைப் போட்டு, பழையபடி அமுக்கி வைப்பேன். கொஞ்ச நாளில் விரிப்பு அங்கங்கே உப்பியது. மேலே காய்ந்திருக்கும், மிதித்தால் கீழே சளக்கென்று சத்தம் வரும். அறையில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நாற்றம். தம்பியின் இருமல் கூடியது. கடைசியில் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிப்பைப் புரட்டினார். அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. தரை கூழாகிக் கிடந்தது. அட்டைகள் நெளிந்தன. மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கிற விரிப்பு, கீழிருந்து வருவதை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. சித்தி என்னைத்தான் பார்த்தாள்.

"இவதான் அக்கா. ஓரத்தத் தூக்கித் தூக்கித் தண்ணிய உள்ள விட்டுட்டா. எத்தன வாட்டி சொன்னேன்!"

எல்லோரும் அதையே நம்பினார்கள். நானும் நம்பினேன். நான் தூக்கியதால்தான் ஊர்த் தண்ணீர் மேலே வந்துவிட்டது என்று அழுதேன். பங்களா விரிப்பை லயத்து ஓரத்தில் இருந்த கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டார்கள். அந்தப் பூக்கள் கொஞ்ச காலம் மழையில் பளபளத்துவிட்டுப் பிறகு எங்கே போயின என்று தெரியாது.

அடுத்தது தார். சித்தப்பா ஒரு தகர டப்பாவில் கொண்டுவந்தார். எல்லா இடத்திலும் ஊற்ற வேண்டாம், வாசலில் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம் என்று அம்மா கெஞ்சியதால் வாசலோடு நின்றது. காய்ச்சி ஊற்றி மேலே மணல் தூவினார். இறுகிவிட்டது என்று அவர் சொன்ன மறுநாள், அடுப்புச் சூட்டுக்கோ என்னவோ, அது இளகியிருந்தது. ஒரு கோழிக்குஞ்சு நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தது. காலைத் தூக்க முடியவில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றி அதை எடுத்தார்கள். அப்பாவுக்கு எப்போதாவதுதான் சிரிப்பு வரும். அன்றைக்கு உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். சித்தப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இனி சிமெண்டு. ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு கட்டிடம் கட்டி முடித்திருந்தார்கள். கிழிந்து பாதி இறுகிய மூட்டைகள் மிச்சம். தேயிலை போடுகிற டீமேக்கர் ஐயா, எடுத்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். ஆனால் காம்பரா தோட்டத்தினுடையது. கண்டாக்கு ஐயாவிடம் கேட்காமல் தரையைக் கொத்த முடியாது. மலைவேலைகளையெல்லாம் மேற்பார்க்கிறவர் அவர். அப்பா கேட்கப் போனபோது நானும் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு போனேன். கண்டாக்கு ஐயா கால்மேல் கால் போட்டுத் தன் வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரில்லை. வேடிக்கையாகப் பேசுகிறவர்.

"சிமெண்டா? உனக்கு எதுக்கப்பா சிமெண்டு? இன்னைக்கோ நாளைக்கோ உங்க எல்லாரையும் ஊருக்கு அனுப்பப் போறாங்கன்னு பேச்சு நடக்குது. ஊருக்குப் போற ஆளு தரை போடுறியா?"

"புள்ளைக்கு நெஞ்சுச் சளிங்க ஐயா."

"சரி சரி, போட்டுக்க. சுவத்துல கை வைக்காத. ஆனா ஒண்ணு சொல்றேன், நீ போட்டுட்டுப் போவ, வேற எவனோ வந்து படுப்பான்."

அவர் சிரித்தார். அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். நான் அப்பாவின் விரலை இறுக்கிப் பிடித்தேன். எல்லோரையும் ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அப்பாவை, அம்மாவை, என்னை. அவ்வளவு பேருக்கும் மம்பட்டி எடுக்கப் போகிறார்கள். இதைச் சொல்லிவிட்டு எப்படிச் சிரிக்கிறார்கள்? வரும் வழியில் நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நடக்க விடவில்லை. அவர் என்னைத் தூக்கிக்கொண்டார். பசியாக்கும் என்று கடையில் ஒரு பனிஸ் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். அதிலும் ஒரு துண்டை மடியில் ஒளித்து வைத்தேன்.

அனுமதி கிடைத்ததும் அம்மா வேண்டாம் என்றாள். நேற்றுவரை தம்பிக்காகப் பதறியவள், திடீரென்று சிமெண்டு வேண்டாம் என்று நின்றாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. சிமெண்டு குளிர்ச்சி, பிள்ளைக்கு ஆகாது என்றாள். பிறகு, அதில் அம்மியை வைத்தால் வெடிக்கும் என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் உம்மென்று இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா வீட்டார் வெளியே போயிருந்தார்கள். நான் சாக்குத் திரைக்கு அந்தப்பக்கம் படுத்திருந்தேன். மழைச் சத்தத்துக்கு மேலாகப் பேச வேண்டியிருந்ததால் இருவரும் உரக்கவே பேசினார்கள்.

"என்னதான் புள்ள ஒனக்கு? வாயத் தொறந்து சொல்லு."

"என்னாத்தச் சொல்றது? சிமெண்டு போட்டா இங்கயேன்னு ஆயிடும். அதான்."

"எங்க போகப் போறோம்?"

"ஊருக்கு. எல்லாரும் போகத்தான் போறாங்க. நாம முன்னாடியே போயிடுவோம். இந்த மலையில ஒரு புள்ளயக் குடுத்தது போதாதா? இன்னொண்ணும் வேணுமா இதுக்கு?"



"அந்தப் புள்ளய இங்கதான வச்சிருக்கோம்," என்றார் அப்பா. "அவள விட்டுட்டு நீ கெளம்புவியா?"

திரைக்கு அடியில் அம்மாவின் கால்கள் வாசல் பக்கம் போவது தெரிந்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். தங்கச்சியை இங்கேதான் வைத்திருக்கிறார்களாம். எங்கே? காம்பராவில் நான் பார்க்காத மூலை எது? இங்கே இருக்கிறவள் என்றால் ஊருக்குப் போனது யார்? அம்மா ஊருக்குப் போக வேண்டும் என்கிறாளே, அவளுக்கு மண்ணுக்குக் கீழே போக ஆசையா? அப்போது எனக்குச் சாவு என்ற சொல் தெரியும். கோழி சாகும், நாய் சாகும். தங்கச்சியோடு அந்தச் சொல்லை யாரும் சேர்த்துச் சொன்னதில்லை.

அந்த வாரம் தம்பிக்கு மூச்சு மறுபடியும் இழுத்தது. அப்பா அம்மாவைக் கேட்கவில்லை. கீழே சிங்களக் கிராமத்திலிருந்து மேசன் பாஸ் என்கிற கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் பல் போன, பெரிய கைகளுள்ள மனிதர். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். சாமான்களை இஸ்தோப்பில் அடுக்கினோம். பழைய தரையை ஒரு முழம் கொத்தி எடுத்து, கல் போட்டு இடித்து, அதன்மேல் சிமெண்டு பூச வேண்டும் என்றார். அப்பாவும் சித்தப்பாவும் கொத்தினார்கள். அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நான் மட்டும் வைத்த கண் வாங்காமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மம்பட்டியால் எங்கள் தரையைத் திறக்கிறார். இதோ ஊர் தெரியப் போகிறது என்று இன்னும் கிட்டப் போனேன். ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சந்தோஷம். சாணம் மெழுகிய மேல்தோல் பாளம் பாளமாக வந்தது. அடியில் கறுப்பு மண், அதற்கும் அடியில் செம்மண். தண்ணீர் ஊறியது. வேறொன்றும் இல்லை. அடுப்பு மூலைக்கு வந்தார்கள். பொந்தை வெட்டினார்கள். உள்ளே கறுத்து ஊறிப்போன ரொட்டித் துண்டுகள் உருண்டையாகக் கிடந்தன. அப்பா அதைக் குனிந்து எடுத்தார்.

"பாத்தியா," என்றார் சித்தப்பா. "எலி எவ்வளவு சேத்து வச்சிருக்கு!"

"எலி இல்ல!" என்று கத்தினேன். "அது தங்கச்சிக்கு. தங்கச்சிக்குப் போட்டேன். அது ஏன் திங்கல?"

மம்பட்டி அப்படியே நின்றது.

"என்னாடி சொல்ற?" என்றார் அப்பா.

"ஊருக்குப் போனாள்ல. கீழ. சிமெண்டு போட்டா எப்பிடி மேல வருவா?"

நான் அந்தப் பள்ளத்துக்குள் குதித்துப் படுத்துக்கொண்டேன். கல் போட விடமாட்டேன் என்று கத்தினேனாம். அது எனக்கு நினைவில்லை, சித்தி சொல்லித்தான் தெரியும். மேசன் பாஸ் கரண்டியை வைத்துவிட்டு, "மொகத மே? என்னா இது? பபா என்னா சொல்றது?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது நினைவிருக்கிறது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கையிலிருந்த அந்த ரொட்டி உருண்டையைக் கீழே போடவும் தெரியாமல் நின்றார்.

அம்மாதான் உள்ளே வந்தாள். தம்பியைச் சித்தியிடம் கொடுத்தாள். சேற்றோடு என்னைத் தூக்கி, கம்பளியைப் போர்த்தி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தாள்.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மேலே மேலே போனோம். மழை தூறலாக இருந்தது. நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னையும் ஊருக்கு அனுப்பத்தான் கொண்டுபோகிறாளோ என்று பார்த்தேன். அவள் கையில் மம்பட்டி இல்லை. அதனால் பேசாமல் இருந்தேன். மேலே சவுக்கு மரங்கள் நின்ற ஒரு மேடு. அங்கங்கே மண் மேடுகள். சிலவற்றில் செவ்வந்திச் செடி. ஒரு சின்ன மேட்டுக்குப் பக்கத்தில் அம்மா என்னை இறக்கிவிட்டு, ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். அதைச் சுற்றி ஆற்றுக்கல் வைத்திருந்தது. அம்மாவுக்கு அந்த இடம் நன்றாகப் பழக்கமாயிருந்தது. விழுந்திருந்த சவுக்கு இலைகளைக் கை தானாகப் பொறுக்கியது.

"இங்கதான்டி தங்கச்சி இருக்கா."

"ஊருல இல்லையா?"

"இல்ல."

"நீதான ஊருக்குப் போயிட்டான்னு சொன்ன?"

"சொன்னேன். ஒனக்கு என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. செத்துப் போயிட்டா பாப்பா. சளி வந்து செத்துப் போயிட்டா. அப்பாதான் தூக்கியாந்து இங்க வச்சாரு."

கோழி சாவது, நாய் சாவது எல்லாம் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. நான் அழுதேனா என்று தெரியவில்லை. ரொட்டி திங்காததற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முதலில் தோன்றியது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நாள் ஊரில் ஆள் இருக்கிறது என்று நினைத்திருந்தேனே.

"அப்ப ஊருல யாரு இருக்கா?"

அம்மா வாயைத் திறந்தாள். யாரையோ சொல்லப் போகிறவள் மாதிரி. அவளுடைய அம்மா எப்போதோ போய்விட்டாள். அவள் அப்பா இறந்த செய்தி அந்த வருஷப் பொங்கலுக்கு முன்னால் வந்திருந்தது. இருந்த ஓர் அண்ணனும் மலாயாவுக்குக் கப்பலேறிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயங்கள். அன்று நான் பார்த்தது, அம்மா விரலை மடக்கத் தொடங்கி, மடக்காமல் கையை மடியில் போட்டதைத்தான்.

"யாரும் இல்லடி," என்றாள். எனக்குச் சொல்வது போல இல்லை. மறுபடியும் ஒருமுறை, "யாருமே இல்ல," என்றாள்.

பிறகு அழுதாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் என்ன செய்வதென்று தெரியாமல், மடியிலிருந்த பனிஸ் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். அது காய்ந்து கல்லாகியிருந்தது. அவள் அதை வாங்கி வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே அழுதாள்.

நாங்கள் திரும்பி வந்தபோது அப்பாவும் சித்தப்பாவும் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேசன் பாஸ் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கூந்தலை அள்ளி முடிந்தாள்.

"போடுங்க பாசு," என்றாள். "நல்லா கெட்டியாப் போடுங்க. தண்ணி ஏறக்கூடாது."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. என்னை அருகில் இழுத்து, என் தலையிலிருந்த சேற்றை விரலால் எடுத்துக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

சிமெண்டு போட்டு முடிந்தது. அதன்பிறகுதான் எனக்கு வேறொரு குழப்பம். மேசன் பாஸ் போகும்போது, காயக் காயத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஈரம் வராமலிருக்கத்தானே இவ்வளவு பாடு? அதன்மேல் தண்ணீரா? கேட்டேன்.

"அப்பத்தான் இறுகும்," என்றாள் அம்மா. அவளுக்கும் அதற்குமேல் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் தினமும் தன் படங்குச் சாக்கை நனைத்து விரித்துவிட்டுப் போவாள். நாங்கள் அடுத்த காம்பரா அத்தை வீட்டில் நெருக்கியடித்துப் படுத்தோம். அத்தை முகம் சுளிக்கவில்லை. ஆனால் ஒரு காலையில் அம்மாவிடம், "புள்ளகிட்ட அன்னைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது," என்றாள். அம்மா, "விடுங்க மதினி, நானுந்தான் சொன்னேன்," என்றாள்.

பிறகு ஒருநாள் சாக்கை எடுத்தார்கள். வெளிர் சாம்பல் நிறம். மேசன் பாஸின் கரண்டி வளைந்து வளைந்து போன தடம். தம்பியை அதில் உட்கார்த்தினார்கள். சில்லென்று இருந்ததால் வீரிட்டு அழுதான். அம்மா சிரித்தாள். "நான் சொன்னேன்ல, குளிர்ச்சின்னு." சித்தி தேயிலைப் பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் பாயை விரித்தாள். அதன்பிறகு பாய் நனையவில்லை.

தம்பி பிழைத்தான். இருமல் நின்றது. சிமெண்டினால் நின்றதா, டொக்டரையாவின் மருந்தினாலா, மழை ஓய்ந்ததாலா என்று எனக்குத் தெரியாது. தரைதான் காப்பாற்றியது என்று அப்பா சாகும்வரை சொன்னார். ஆனால் எங்கள் தரை இறுகிய பிறகு மலைத்தண்ணீர் சும்மா இருக்கவில்லை. அத்தையின் காம்பராவில் கூடுதலாகக் கசியத் தொடங்கியது. அப்பாவும் சித்தப்பாவும் மிச்சச் சிமெண்டில் அங்கே அடுப்பு மூலைக்கு மட்டும் பூசிக் கொடுத்தார்கள். அது போதவில்லை. இரண்டு மழைக்காலம் அத்தையின் பிள்ளைகளும் எங்கள் தரையில்தான் படுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கென்று போட்ட தரையில் காலை நீட்ட இடம் கிடைத்ததில்லை. நான் யார் பக்கத்தில் படுத்திருக்கிறேன் என்று காலையில்தான் தெரியும்.

ஊருக்கு அனுப்புவார்கள் என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. அறுபதுகளின் நடுவில் அது நிஜமாகவே வந்தது. இன்னார் போகலாம், இன்னார் இருக்கலாம் என்று இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். லயம் லயமாகக் குழப்பம். சித்தப்பாவும் சித்தியும் போவதென்று தீர்மானித்தார்கள். நான் அப்போது கல்யாணமாகி, டிக்கோயாவிலிருந்து கைக்குழந்தையோடு அம்மாவைப் பார்க்க வந்திருந்தேன். தம்பி மீசை முளைத்த பையன். ஊர் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கும்போது, ஒரு கணம் கால் கூசத்தான் செய்தது. கூசுகிறது, இன்றைக்கும்.

ஒருநாள் விடிந்தும் விடியாத நேரம். அப்பா கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்பா கேட்டார்.

"எந்தம்பி குடும்பத்தோட போறேங்கிறான். நாம என்னா செய்யிறது? நீ என்னா சொல்ற?"

அம்மா சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"அதான் தரை போட்டாச்சுல்ல," என்றாள்.

அப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டோருக்குப் போகிற பாதையில் இறங்கினார்.